முட்டி தேய்ந்திருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள், கால் எப்படி நிற்கிறது என்றும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி வந்த கட்டுரையை நானும் என் அக்காவும் ஆளுக்கு இரண்டு முறை படித்தோம். எனக்கு 57 வயது, அக்காவுக்கு 63, இரண்டு பேருக்குமே முட்டி கெட்டுப்போயிருக்கிறது, அதனால் இந்த விஷயத்தில் எது அச்சில் வந்தாலும் விடுவதில்லை. கட்டுரை நன்றாகவே இருந்தது. செயற்கை மூட்டு எதனால் ஆனது, எத்தனை நாளில் நடக்கலாம், எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை தேய்மானம் என்ற ஒரே சொல்தான். குருத்தெலும்பு தேய்கிறது, எலும்போடு எலும்பு உரசுகிறது, மாற்றிவிடலாம் என்று கதை முடிந்துவிடுகிறது. கால் எந்தக் கோட்டில் நிற்கிறது, மூட்டைப் பிடித்துக் கட்டியிருக்கும் லிகமென்ட்கள் என்ன நிலையில் இருக்கின்றன என்ற இரண்டு கேள்விகளும் அதில் எங்கேயும் வரவில்லை. என்னிடமும் ஆறு ஆண்டுகள் இந்த இரண்டையும் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்த நீளமான கடிதம்.

முதலில் ஜவ்வு என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். முட்டி வலி என்று போனால் கிடைக்கிற விளக்கம் பெரும்பாலும் இந்தச் சொல்லோடு நின்றுவிடும். "ஜவ்வு தேஞ்சிருக்கு" என்பார்கள், "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்பார்கள், "ஜவ்வு இழுத்திருக்கு" என்பார்கள். மூன்றும் வேறு வேறு பொருள்கள். எலும்பு முனையை வழவழப்பாக மூடியிருக்கிற குருத்தெலும்பு ஒன்று. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் உட்கார்ந்து சுமையைப் பரப்பிக் கொடுக்கிற மெனிஸ்கஸ் இன்னொன்று. எலும்பையும் எலும்பையும் இணைத்து மூட்டு ஆட்டம் காணாமல் பிடித்துக்கொள்கிற லிகமென்ட், அதாவது இணைப்பு நார், மூன்றாவது. தேய்வது முதலாவது, நசுங்குவதும் கிழிவதும் இரண்டாவது, அறுவதும் தளர்வதும் இறுகுவதும் மூன்றாவது. வைத்தியமும் மூன்றுக்கும் ஒன்றில்லை. எல்லாவற்றையும் ஜவ்வு என்று சொல்லிவிட்டால் நோயாளிக்கு எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே புரியாது, புரியாதவரால் கேள்வியும் கேட்க முடியாது.

எனக்கு நடந்தது அதுதான். 24 வயதில் கால்பந்து ஆடும்போது ஓட்டத்திலேயே சட்டென்று திரும்பினேன், பாதம் தரையில் ஊன்றி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், எனக்கே கேட்டது. இரண்டு மணி நேரத்தில் முட்டி உருண்டையாக வீங்கிவிட்டது. காட்டிய இடத்தில் ஜவ்வு லேசாக இழுத்திருக்கிறது, மூன்று வாரம் கட்டோடு இருங்கள் என்றார்கள். வீக்கம் வற்றியது, நடந்தேன், சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் படி இறங்கும்போதும், நடக்கும்போது திடீரென்று திரும்பினாலும், முட்டி ஒரு நொடி நழுவுகிற மாதிரி இருக்கும், அதற்கும் பழகிக்கொண்டேன். அந்தச் சத்தமும் சில மணி நேரத்திலேயே வந்த வீக்கமும் முன்புறக் குறுக்கு லிகமென்ட், அதுதான் ஏ.சி.எல்., அறுந்துபோனதற்கான பழைய பாடப்புத்தக அடையாளங்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. ஏ.சி.எல். காயமோ மெனிஸ்கஸ் காயமோ பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வந்துவிடுகிறது என்று சுவீடனைச் சேர்ந்த ஸ்டீபன் லோமாண்டரும் அவருடைய குழுவினரும் 2007இல் எழுதியிருக்கிறார்கள். அறுந்ததை அறுவை சிகிச்சையில் திரும்பக் கட்டினாலும் பின்னால் தேய்மானம் வராது என்று உறுதி சொல்ல முடியாதாம், அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அறுந்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த முட்டியை நான் வேறு மாதிரி நடத்தியிருப்பேன்.

51 வயதில் வலி தாங்காமல் முதல்முறை போனபோது என்னை மேசையில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு லேசான தேய்மானம், வயசுக்கு இது சகஜம், மாத்திரையும் உடற்பயிற்சியும் போதும் என்றார்கள். என் முட்டியை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, நான் நடப்பதையும் பார்க்கவில்லை. நடுவில் ஒரு எம்.ஆர்.ஐ. வேறு எடுக்கச் சொன்னார்கள், அதுவும் படுத்த நிலையில்தான், அந்த அறிக்கையில் ஒரு பக்கம் நிறைய என்னென்னவோ கிழிவுகள் இருந்தன, அதை வைத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. ஆறு ஆண்டு கழித்து வேறொரு மருத்துவர் முதல் வேலையாக என் சட்டையைத் தூக்கிச் செருகச் சொல்லி, முழங்காலுக்கு மேல் வரை துணியை மடிக்கச் சொல்லி, அந்தக் கூடத்தில் பத்து அடி நடந்து திரும்பி வரச் சொன்னார். பிறகுதான் எக்ஸ்ரே. அதுவும் நின்றபடி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலும் ஒரே படத்தில். அந்தப் படத்தில் என் வலது முட்டியின் உட்பக்கத்தில் இடைவெளி என்று ஒன்று இல்லவே இல்லை. படுத்து எடுத்த பழைய படத்தையும் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே ஆளுடைய கால் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

காரணம் எளிது. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு எலும்புக்கும் நடுவில் தெரிகிற இருண்ட இடைவெளியை வைத்துத்தான் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணிக்கிறார்கள். படுத்திருக்கும்போது முட்டியில் உடம்பின் எடை இல்லை, அதனால் எலும்புகள் விலகியே இருக்கும், குருத்தெலும்பு போய்விட்ட இடம்கூட நல்ல இடைவெளி மாதிரி காட்டும். நின்றால்தான் எலும்பு எலும்பின் மேல் உட்காரும், உண்மை தெரியும். முட்டியை 45 பாகை மடக்கி நின்று எடுக்கிற இன்னொரு படமும் இருக்கிறது, 1988இல் ரோசன்பர்க் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் விவரித்தது, மூட்டின் பின்பகுதியில் தேய்ந்திருந்தால் நேராக நின்ற படம் விட்டுவிடுவதை அது பிடித்துவிடும். இதற்கெல்லாம் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். அதே எக்ஸ்ரே, நோயாளி எழுந்து நின்றால் போதும்.

இடுப்பு முதல் கணுக்கால் வரை எடுத்த படத்தில் அவர் ஒரு கோடு போட்டுக் காட்டினார். தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்தின் மையத்திலிருந்து கணுக்கால் மூட்டின் மையத்துக்கு ஒரு நேர்கோடு. நேரான காலில் அந்தக் கோடு முட்டியின் நடுவிலோ, நடுவுக்குச் சற்று உட்பக்கமாகவோ போகும். என் காலில் அது முட்டியையே தொடாமல் உட்பக்கமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. 9 பாகை வளைவு என்றார். கால் வில் மாதிரி வெளிப்பக்கம் வளைந்தால் கோடு உள்ளே போகும், சுமையெல்லாம் உட்பக்க மூட்டில் இறங்கும். முட்டி இரண்டும் தட்டுகிற மாதிரி கால் உள்ளே வளைந்தால் கோடு வெளியே போகும், சுமை வெளிப்பக்க மூட்டுக்குப் போகும். அக்காவுக்கு இந்த இரண்டாவது வகை. ஒரே வீட்டில் பிறந்து எனக்கு வில்கால், அவளுக்கு முட்டி தட்டும் கால்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட விஷயம் ஒன்று உண்டு. நல்ல நேரான காலிலேயே நடக்கும்போது முட்டியில் இறங்கும் சுமையில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு உட்பக்கத்தில்தான் விழுகிறது, ஏனென்றால் ஒற்றைக் காலில் நிற்கிற அந்தக் கணத்தில் உடம்பு அந்தக் காலுக்கு உட்பக்கமாக இருக்கிறது. அதன் மேல் சில பாகை வில்வளைவும் சேர்ந்தால் பங்கு இன்னும் ஏறும். உட்பக்கம் தேய்கிறது, தேய்ந்தால் அந்தப் பக்கம் உயரம் குறைகிறது, உயரம் குறைந்தால் கால் இன்னும் வளைகிறது, வளைந்தால் சுமை இன்னும் கூடுகிறது. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகும். லீனா சர்மா என்ற மருத்துவரும் சிகாகோவில் அவருடைய குழுவும் முட்டித் தேய்மானம் உள்ள இருநூறு சொச்சம் பேரை 18 மாதம் தொடர்ந்து பார்த்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், வில்கால் உள்ளவர்களுக்கு உட்பக்கத் தேய்மானம் முற்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கும், முட்டி தட்டும் கால் உள்ளவர்களுக்கு வெளிப்பக்கம் முற்றுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கும் இருந்தது. வயது, எடை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். இது வந்து கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்னும் முட்டி வலி என்று போகிறவருக்குக் காலின் கோட்டைப் பார்ப்பது வழக்கமாக மாறாமல் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று கவலைப்பட வேண்டாம். பெல்ஜியத்தில் பெல்மன்ஸ் என்ற அறுவை மருத்துவரும் மற்றவர்களும் 20 முதல் 27 வயது வரையிலான 250 ஆரோக்கியமானவர்களின் கால்களை அளந்து 2012இல் எழுதினார்கள். ஆண்களில் 32 விழுக்காடு, பெண்களில் 17 விழுக்காடு பேருக்கு 3 பாகையோ அதற்கு மேலோ இயல்பாகவே வில்வளைவு இருந்தது. வலி இல்லாமல் அப்படியே பிறந்து வளர்ந்த கால் வேறு. முன்பு நேராக இருந்து இப்போது வளைந்துகொண்டே போகிற கால் வேறு, பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தாலே பல நேரம் அது தெரிந்துவிடும். இருபது வயதில் நின்ற காலோடு இன்றைய காலை ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

இனி லிகமென்ட் விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். முட்டியில் பெரிய லிகமென்ட்கள் நான்கு. உள்ளே குறுக்கும் மறுக்குமாக இரண்டு, உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. தேய்மானம் குருத்தெலும்பின் நோய் என்றுதான் நினைக்கிறோம், ஆனால் மூட்டு சாய்ந்தால் அதைக் கட்டியிருக்கிற கயிறுகளும் சேர்ந்து மாறும். கூடாரம் ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கத்துக் கயிறு தொய்கிறது, எதிர்ப்பக்கத்துக் கயிறு விறைக்கிறது. வில்காலில் உட்பக்கம் உட்கார்ந்துவிடுவதால் உட்பக்க லிகமென்ட் முதலில் தொய்வாகத் தெரியும். அது உண்மையான தளர்ச்சி கிடையாது, எலும்பும் குருத்தெலும்பும் குறைந்ததால் வந்த தோற்றம், விட்டுப்போன உயரத்தைத் திரும்பக் கொடுத்தால் லிகமென்ட் சரியாக இழுத்துக்கொள்ளும். ஆனால் பல ஆண்டுகள் அப்படியே விட்டால் அந்தத் தொய்வான லிகமென்ட் சுருங்கி அதே நீளத்தில் இறுகிவிடும். மூட்டு ஓரத்தில் முளைக்கிற எலும்பு முள்கள் வேறு அதைக் கூடாரத் துணி மாதிரி தூக்கிப் பிடித்து இன்னும் விறைப்பாக்கும். அப்போது எதிர்ப்பக்கத்தில், வெளிப்பக்க லிகமென்ட் ஒவ்வொரு அடிக்கும் இழுபட்டு இழுபட்டு உண்மையாகவே நீண்டுவிடும். சுருங்கியதை அறுவையில் தளர்த்தலாம். நீண்டு தளர்ந்துபோனதைப் பழையபடி ஆக்குவது கடினம்.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவரின் கைகள்தான் முதல் கருவி. என்னைப் படுக்கவைத்து முட்டியை 20, 30 பாகை மடக்கிப் பிடித்துக்கொண்டு கீழ்க்காலை இரண்டு பக்கமும் மெதுவாக அழுத்தினார். ஏன் மடக்க வேண்டும் என்று கேட்டேன். காலை முழுக்க நீட்டினால் பின்பக்கத்து உறையும் குறுக்கு லிகமென்ட்களும் சேர்ந்து மூட்டைப் பூட்டிக்கொள்ளும், பக்க லிகமென்டின் தளர்ச்சி மறைந்துவிடும் என்றார். வளைவைக் கையால் தள்ளினால் கால் நேராக வருகிறதா, வராமல் நின்றுவிடுகிறதா என்று பார்த்தார். நேராக வந்தால் உட்பக்க லிகமென்ட் இன்னும் சுருங்கவில்லை என்று பொருள், வராவிட்டால் வளைவு உறைந்துவிட்டது. இதையே அழுத்திப் பிடித்துக்கொண்டு எக்ஸ்ரே எடுத்தும் பார்ப்பார்கள். பிறகு கீழ்க்காலை முன்னால் இழுத்து ஏ.சி.எல். சோதனை. தேய்ந்த முட்டியில் எலும்பு முள்கள் தடுத்துக்கொண்டு ஏ.சி.எல். இருப்பது போலவே ஏமாற்றும், அதனால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப மாட்டேன் என்று சொல்லி, பக்கவாட்டிலிருந்து எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்தார். தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதே கதை சொல்லிவிடுமாம். ஏ.சி.எல். நன்றாக இருக்கும் முட்டியில் உட்பக்கத் தேய்மானம் பெரும்பாலும் முன்பகுதியிலும் நடுவிலும் இருக்கும், பின்பகுதி நன்றாக இருக்கும், ஆகவே முட்டியை மடக்கும்போது கால் தானாக நேராகி உட்பக்க லிகமென்ட் ஒவ்வொரு முறையும் நன்றாக நீட்டி இழுபடும், சுருங்க வழியில்லை. ஏ.சி.எல். போன முட்டியில் கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கும், தொடை எலும்பு பின்னால் உட்காரும், தேய்மானம் பின்பகுதியில் விழும். அப்புறம் மடக்கினாலும் நீட்டினாலும் கால் வளைந்தே இருக்கும், உட்பக்க லிகமென்ட் சுருங்கத் தொடங்கும். என் எக்ஸ்ரேயில் பின்பகுதி குழிந்திருந்தது. 24 வயதில் கேட்ட சத்தத்தை நான் சொல்வதற்கு முன்பே அவர் "சின்ன வயசில் முட்டியில் அடிபட்டதா?" என்று கேட்டார்.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலை ஊன்றும் நொடியில் சிலருக்கு முட்டி வெளிப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டும், காலைத் தூக்கியதும் திரும்பி வந்துவிடும். நடக்கிறவருக்குத் தெரியாது, பின்னால் வருகிறவருக்குத் தெரியும். என் மகள் கைபேசியில் நான் நடப்பதை எடுத்து எனக்கே காட்டினாள். லிகமென்ட்கள் பிடிப்பை விட்டுக்கொண்டிருக்கின்றன என்பதற்கு அது ஒரு தெளிவான அடையாளம், அப்படி வெட்டுகிற முட்டிகள் மற்றவற்றைவிட வேகமாகக் கெடுவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. வீட்டில் முட்டி வலிக்காரர் யாராவது இருந்தால் முன்னாலும் பின்னாலும் நின்று பத்து அடி நடப்பதைப் படம் பிடித்து, மருத்துவரிடம் போகும்போது காட்டுங்கள். படுத்து எடுத்த பத்து எக்ஸ்ரேயைவிட அது உதவும் என்பது என் எண்ணம்.

சரி, மொத்த மூட்டையும் மாற்றத்தான் போகிறார்கள் என்றால் பழைய லிகமென்ட் எப்படி இருந்தால் என்ன என்று அக்கா கேட்டாள். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். செயற்கை மூட்டு என்றால் கதவுக் கீல் மாதிரி மேலும் கீழும் ஒன்றோடொன்று கோத்திருக்கும், அதுவே நம்மைத் தாங்கிக்கொள்ளும் என்று. வழக்கமாக வைக்கிற மூட்டில் அப்படி எதுவும் இல்லை. தொடை எலும்பு முனைக்கு ஒரு உலோக உறை, கீழ்க்கால் எலும்பின் மேல் ஒரு உலோகத் தட்டு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக். உறை பிளாஸ்டிக்கின் மேல் உட்கார்ந்து உருள்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் பிரியாமல் பிடித்துக்கொள்வது நம் சொந்தப் பக்க லிகமென்ட்களே. ஏ.சி.எல்.லைப் பெரும்பாலான முழு மூட்டு மாற்றுகளில் எடுத்துவிடுகிறார்கள், ஆனால் உட்பக்கமும் வெளிப்பக்கமும் இருக்கும் இரண்டும் அறுவைக்குப் பிறகும் வாழ்நாள் முழுக்க வேலை செய்தாக வேண்டும். ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தால் புது மூட்டும் ஆடும், வலிக்கும், ஒரு பக்கமாகத் தேயும். மூட்டு நிலையில்லாமல் ஆடுவது மறு அறுவை சிகிச்சைக்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. முழு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தி இல்லை என்று சொல்வதற்கும் பல காரணங்களோடு இதுவும் ஒரு காரணம். நியூயார்க்கின் ஜான் இன்சால் போன்ற முன்னோடிகள் 1970களிலிருந்தே எலும்பை வெட்டுவதோடு சேர்த்து லிகமென்ட்களைச் சமன்செய்வதை இந்த அறுவையின் பாதி வேலையாகக் கருதினார்கள்.

பக்க லிகமென்ட் வலுவில்லாமல் போயிருந்தால் வேறு வகை மூட்டு வேண்டும். நடுவில் உயரமான கம்பம் வைத்துப் பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கிற வகை ஒன்று, அதையும் தாண்டினால் உண்மையிலேயே கீல் போட்டது. லிகமென்ட் செய்ய வேண்டிய வேலையை அங்கே உலோகம் செய்கிறது, அந்த இழுவிசை எல்லாம் மூட்டு எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்துக்குப் போகிறது, அதனால் எலும்புக்குள் நீளமான தண்டு வைத்துப் பலப்படுத்துகிறார்கள். அறுவை பெரிதாகிறது. லிகமென்ட் முழுக்க கெடுவதற்கு முன்பு நிலைமை தெரிந்திருந்தால் சின்ன அறுவையில் முடிய வாய்ப்புண்டு என்பதுதான் நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம். உட்பக்கம் மட்டும் தேய்ந்து, ஏ.சி.எல். நன்றாக இருந்து, வளைவும் நேராக்கக் கூடியதாக இருந்தால் பாதி மூட்டை மட்டும் மாற்றலாம். வயது குறைவாக இருந்து, ஓடியாடி வேலை செய்கிறவராக இருந்தால் கீழ்க்கால் எலும்பை வெட்டிக் கோட்டை நிமிர்த்தி, சொந்த மூட்டையே இன்னும் பல ஆண்டு ஓட்டலாம். 50 வயதில் நின்றபடி ஒரு படம் எடுத்திருந்தால் எனக்கு இந்த வாசல்களில் ஏதாவது ஒன்று திறந்திருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டேன். திறந்திருக்கலாம் என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்காவின் கால் வேறு பாடம். அவளுக்கு 14 பாகை, உள்நோக்கி. முட்டி மாற்றுக்கு வருகிறவர்களில் இந்த வகை பத்துக்கு ஒன்று ஒன்றரைதான் என்பதால் கட்டுரைகளில் அவளைப் போன்றவர்களைப் பற்றி எழுதுவதே இல்லை. அவளுக்கு வெளிப்பக்கம் இறுகியிருக்கிறது, உட்பக்க லிகமென்ட் நீண்டுவிட்டது. முட்டிக்கு வெளிப்பக்கமாக, கீழ்க்காலின் மெல்லிய எலும்பின் தலையைச் சுற்றிப் பாதத்தைத் தூக்குகிற நரம்பு ஒன்று போகிறது. பல ஆண்டு வளைந்தும் மடங்கியும் கிடந்த காலை ஒரே நாளில் நிமிர்த்தினால் அந்த நரம்பு இழுபடும், பாதம் தொங்கிவிடும் ஆபத்து உண்டு. வளைவு கூடக்கூட அந்த ஆபத்தும் கூடுகிறது. இதை அவளிடம் முன்பே யாராவது சொல்லியிருந்தால் தாங்குகிறவரை தாங்கலாம் என்று தள்ளிப்போட்டிருக்க மாட்டாள்.

ஆனால் எல்லோரையும் அவசர அவசரமாக அறுவைக்கு அனுப்பச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பலருக்கு அறுவையே தேவைப்படாது. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியில் ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகிறது என்று மெஸ்ஸியர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2005இல் கணக்கிட்டார்கள், ஒரு நாளில் எத்தனை அடி வைக்கிறோம் என்று பெருக்கிப் பாருங்கள். தொடைத் தசைக்குப் பயிற்சி நல்லது, எல்லோருக்கும் சொல்கிறார்கள். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதே லீனா சர்மா குழு 2003இல் சொன்னது, வளைந்த அல்லது தளர்ந்த முட்டிகளில் தொடைத் தசையின் வலு கூடுதலாக இருந்தவர்களுக்குத் தேய்மானம் குறைவாக முற்றவில்லை, கூடுதலாகவே முற்றியிருந்தது. பயிற்சியை நிறுத்துங்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. காலின் வளைவையும் ஆட்டத்தையும் பார்த்துவிட்டுப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று என் பிசியோதெரபிஸ்ட் சொன்னார், எனக்கு இடுப்புத் தசைகளுக்கும் சமநிலைக்கும் சேர்த்துக் கொடுத்தார், அவர் சொன்ன பிறகு படி இறங்குவது கொஞ்சம் சுலபமானது. சுமையை மறுபக்கம் தள்ளுகிற பிரேஸ், அதாவது முட்டியில் மாட்டிக்கொள்கிற கட்டு, சிலருக்கு உதவுகிறது. வெளிப்பக்கம் உயர்த்திய செருப்பு அட்டையைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது, ஆய்வுகளில் வலி பெரிதாகக் குறையவில்லை.

மூட்டை மாற்றும்போது காலின் கோட்டை எவ்வளவு நேராக்க வேண்டும் என்பதிலேயே அறுவை மருத்துவர்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறது, அதையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நேர்கோட்டிலிருந்து 3 பாகைக்குள் வைக்க வேண்டும் என்பது பழைய விதி. 1991இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் அதற்குள் இருந்த மூட்டுகளில் 3 விழுக்காடுதான் தளர்ந்தன, வெளியே இருந்தவற்றில் 24 விழுக்காடு. 2010இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வு 15 ஆண்டு முடிவில் அப்படி ஒரு வித்தியாசத்தைக் காணவில்லை. இயல்பிலேயே வில்காலாக இருந்தவரை முழு நேர்கோட்டுக்கு இழுத்தால் அவருடைய லிகமென்ட்களுக்கு அது அந்நியமாக இருக்கும், அவரவர் காலுக்கேற்ப வைக்கலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. ரோபோ வைத்து அளந்து வெட்டுவதும் வந்துவிட்டது. வெட்டு துல்லியமாக விழும், இரண்டு பக்க இழுவையையும் எண்ணாகக் காட்டும், நல்லதுதான். அந்த எண்ணைப் பார்த்து எந்த லிகமென்டை எவ்வளவு தளர்த்துவது, எதைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுக்கப்போவது மனிதர்தான். அதனால் ரோபோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வராமல், என் கால் எத்தனை பாகை வளைந்திருக்கிறது, அது கையால் தள்ளினால் நேராகிறதா, பக்க லிகமென்ட்கள் எப்படி இருக்கின்றன, ஏ.சி.எல். இருக்கிறதா, இதையெல்லாம் வைத்து எனக்கு எந்த வகை மூட்டு, ஏன் என்று கேளுங்கள். பதில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். என் மருத்துவர் அதற்கு மேலும் நேரம் கொடுத்தார்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை முட்டி பற்றி எழுதும்போது ஒரே நோயாளியின் படுத்த எக்ஸ்ரேயையும் நின்ற எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எத்தனை பத்தி எழுதினாலும் அந்த இரண்டு படம் சொல்வதைச் சொல்ல முடியாது. தேவைப்பட்டால் என்னுடையதையே தருகிறேன், பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள். ஜவ்வு என்ற ஒரே சொல்லையும் விட்டுவிட்டு குருத்தெலும்பு, மெனிஸ்கஸ், லிகமென்ட் என்று தனித்தனியாக எழுதுங்கள், வாசகர்கள் கட்டாயம் புரிந்துகொள்வார்கள்.

அடுத்த மாதம் எனக்கு அறுவை சிகிச்சை. முழு மூட்டுதான், பாதி மூட்டுக்கான கட்டம் தாண்டிவிட்டது. எலும்பு முள்களை எடுத்த பிறகு வெளிப்பக்க லிகமென்ட் எவ்வளவு பிடிக்கிறது என்று மேசையிலேயே பார்த்துவிட்டு வழக்கமான வகையா, நடுக்கம்பம் உயர்ந்த வகையா என்று முடிவு செய்வதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார், இரண்டும் தயாராக இருக்கும். அக்காவுக்கு அதற்கு இரண்டு மாதம் கழித்து. அவள் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நரம்பு விஷயத்தை இன்னும் கொஞ்சம் தெளிவாக எழுது என்றாள், அதனால் அந்தப் பத்தியைத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்